சி புரோகிராம் மொழியில் ஒரு பங்ஷன், இரண்டு விடை: ஒன்றுதான் வருகிறது (அவசரம்!)

கொழுந்துக்கூடை: நாளைக்கு அசைன்மென்ட் கொடுக்க வேண்டும். தேயிலைக் கொழுந்து நிறையைக் கிராமில் கொடுத்தால் பங்ஷன் கிலோவையும் மிச்சக் கிராமையும் தர வேண்டும். 18250 கொடுத்தால் 250 மட்டும் வருகிறது, 18-ஐக் காணோம். எர்ரரும் இல்லை. யாராவது சொல்லுங்கள்.

நானுஓயா குளிர்: கோட் எங்கே? ரிட்டர்ன் வரியையாவது போடுங்கள்.

பழைய லயம்: இது இன்ட் (முழு எண் வகை) பிரச்சினைதான். 18250 அடங்காது, பெரிய எண்ணுக்கான லாங் போடுங்கள்.

நானுஓயா குளிர்: 16 பிட் இன்ட்டிலேயே 32767 வரை அடங்குமே அண்ணே.

கொழுந்துக்கூடை: ரிட்டர்ன் கிலோ, கிராம், அவ்வளவுதான் போட்டிருக்கிறேன்.

ஹட்டன் மாஸ்டர்: பைத்தன் மொழியில் பழகிவிட்டு வந்தால் இப்படித்தான். சி-யில் அந்தக் கமா இரண்டையும் கட்டித் தராது. இடப்பக்கத்தைக் கணக்கிட்டு எறிந்துவிட்டு, கடைசியில் உள்ளதை மட்டும் தரும். ஜிசிசி கம்பைலருக்கு -வால் (-Wall, எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்வது) கொடுத்திருந்தால் அதுவே எச்சரித்திருக்கும். வாலை நறுக்கிவிட்டு ஓட்டினால் யார் என்ன செய்ய? முதலில் பாடத்தைப் படியுங்கள் தம்பி.

நானுஓயா குளிர்: வழி சொல்லாமல் ஏசினால் எப்படி மாஸ்டர்? ஒரு ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டும் வகை) கிலோ, கிராம் இரண்டையும் வைத்து அந்த ஸ்ட்ரக்டையே ரிட்டர்ன் பண்ணுங்கள். சி-யோடு வரும், வகுத்துத் தரும் டிவ் பங்ஷனே அப்படித்தான், ஈவும் மீதியும் டிவ்_டி என்ற ஸ்ட்ரக்டில் வரும். வகுக்கும் எண்ணாக 1000-ஐக் கொடுத்தால் உங்கள் கணக்கு அதிலேயே முடியும்.

பழைய லயம்: எதற்கு இவ்வளவு? எல்லாப் பங்ஷனுக்கும் பொதுவாகக் குளோபலில் இரண்டு வேரியபிள் போதும்.

ஹட்டன் மாஸ்டர்: குளோபலா! தோட்ட லயத்து வீடுகளுக்கெல்லாம் ஒரே தண்ணீர்ப் பைப் மாதிரி, யார் திறந்தது, யார் மூடியது என்றே தெரியாது. விடையை எழுத வேண்டிய இடத்தின் முகவரியைக் கொடுக்கும் பாயின்டர்தான் முறை. உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப்-க்கு & போட்டு முகவரி கொடுக்கிறோமே, அதேதான். ஸ்ட்ரக்ட் காப்பி ஆகும், மெதுவாக ஓடும்.

நானுஓயா குளிர்: இரண்டு இன்ட், நம் கம்ப்யூட்டர்களில் 8 பைட். அதைக் காப்பி பண்ண எவ்வளவு நேரம் போகும்?

ஹட்டன் மாஸ்டர்: பழக்கம் என்று ஒன்று இருக்கிறது.

பழைய லயம்: அது கிடக்கட்டும். நிறுவையில் சாக்கு, ஈரம் என்று கழிப்பார்களே, அதைச் சேர்த்தீர்களா?

ஹட்டன் மாஸ்டர்: இது சி இழை.

கொழுந்துக்கூடை: தம்பி இல்லை, தங்கச்சி. பாயின்டர் போட்டேன். பங்ஷனைக் கூப்பிடும் இடத்தில் & விட்டுப்போய் ஒருமுறை கிராஷ் ஆனது. இப்போது 18, 250 சரியாக வருகிறது. நன்றி. கழிவு கேள்வித்தாளில் இல்லை, அம்மாவின் நிறுவைத் துண்டுச்சீட்டில்தான் இருக்கிறது.