மறு: ‘பபுள் டீம்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையை முதல் மடலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், தேசியப் போட்டிக்கு இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் நிற்கும் அணியை ‘பபுள் டீம்’ என்கிறார்கள்; அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதே கேள்வி. குமிழி அணி, விளிம்புநிலை அணி, மதில்மேல் பூனை, திரிசங்கு அணி, காத்திருப்பு அணி, திண்ணை அணி என்று ஆறு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. என் பரிந்துரை ‘இழுபறி அணி’. அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன், அந்த நிலையில் மாட்டிக்கொண்ட ஓர் அணியும் அதன் ரசிகர்களும் என்ன பாடு படுகிறார்கள் என்று சொல்லியாக வேண்டும். கூடைப்பந்து பார்க்கும் பழக்கமே இல்லை என்று உங்களில் சிலர் எழுதியிருந்தீர்கள். அவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மேல்மட்டப் பிரிவில் ஆண்கள் அணிகள் மட்டுமே 350க்கு மேல். நவம்பர் தொடக்கத்தில் பருவம் ஆரம்பிக்கும். ஒவ்வோர் அணியும் ஏறக்குறைய முப்பது ஆட்டம் ஆடும். டிசம்பர் வரை பெரும்பாலும் வெளி அணிகளோடு, ஜனவரியிலிருந்து தங்கள் கூட்டமைப்புக்குள்ளேயே. (கான்ஃபரன்ஸ் என்பதை ‘மாநாடு’ என்று எழுதிய கட்டுரைகள் என் கண்ணில் பட்டிருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கூட்டமைப்பு அது.) மார்ச் பிறந்ததும் ஒவ்வொரு கூட்டமைப்பும் தனக்கென ஒரு கோப்பைப் போட்டி நடத்தும். அப்புறம்தான் எல்லாரும் பேசும் தேசியப் போட்டி. ஒரு தோல்வி, அதோடு வெளியே. 1939இல் 8 அணிகளோடு தொடங்கிய இந்தப் போட்டி 1985இல் 64 அணிகளுக்கும் 2011இல் 68 அணிகளுக்கும் விரிந்தது.

இந்த 68க்குள் நுழைய இரண்டு வழி. 2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கூட்டமைப்புக் கோப்பையை வென்ற 32 அணிகளுக்கு இடம் உறுதி. மீதி 36 இடங்களை 12 பேர் கொண்ட தேர்வுக் குழு நிரப்பியது. அந்த 36இல் பெரும்பாலான பெயர்கள் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்தவை. கடைசி ஐந்தாறு இடத்துக்குத்தான் பத்துப் பதினைந்து அணிகள் மல்லுக்கட்டும். அவற்றைத்தான் ‘பபுள்’ அணிகள் என்கிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தேர்வுக் குழு வெற்றிகளை எண்ணிக் கூட்டுவதோடு நிற்பதில்லை, எடை போட்டும் பார்க்கிறது. 2018-19 பருவத்திலிருந்து ‘நெட்’ என்ற தரவரிசை கையாளப்படுகிறது. அதன்படி முதல் 30 இடத்துக்குள் இருக்கும் அணியைச் சொந்த அரங்கில் வென்றாலும், முதல் 75க்குள் இருக்கும் அணியை அதன் அரங்கில் போய் வென்றாலும் இரண்டும் முதல் தர வெற்றிதான். எதிரணியின் இடம் நாள்தோறும் மாறும். ஆகவே நவம்பரில் நாம் பெற்ற வெற்றியின் மதிப்பு, அந்த எதிரணி பிப்ரவரியில் எப்படி ஆடுகிறது என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். நம் அணி ஓய்வெடுக்கும் இரவிலும் நம் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் இந்தியானாவில் வசிப்பவன். அதனால் 2023-24இல் இந்தியானா ஸ்டேட் அணிக்கு நடந்ததையே சொல்கிறேன். டெர்ரா ஹோட் என்ற சிறு நகரத்துப் பல்கலைக்கழகம் அது. 1979இல் லேரி பேர்ட் என்ற ஆட்டக்காரர், தோல்வியே காணாத அணியாக அதை இறுதியாட்டம் வரை கூட்டிப்போய், மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோற்றார். அதற்குப் பிறகு நெடுங்காலம் பெரிய பேச்சு இல்லை. 2024 பிப்ரவரி நடுவில் அந்த அணி, முதல் 25 அணிகளைப் பத்திரிகையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஏ.பி. தரவரிசையில் 23ஆம் இடத்துக்கு வந்தது. 1979க்குப் பிறகு தரவரிசையில் அதன் பெயர் வந்தது அப்போதுதான். ஊரே கொண்டாடியது. மறுநாளே சொந்த அரங்கில் இல்லினாய் ஸ்டேட்டிடம் தோற்றது, சில நாளில் சதர்ன் இல்லினாயிடமும். பெரிய கூட்டமைப்பு அணிக்கு இப்படி ஒரு வாரம் வந்தால் ஈடுகட்ட வேறு பெரிய ஆட்டங்கள் இருக்கும். இவர்கள் ஆடும் மிசோரி வேலி கூட்டமைப்பில் அது கிடையாது.

மார்ச் 10, செயின்ட் லூயிஸ். கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் டிரேக் அணியிடம் 84-80 என்று தோல்வி. அத்தோடு உறுதி இடம் போயிற்று. கணக்கில் 28 வெற்றி, 6 தோல்வி. நெட் வரிசையில் முதல் 30க்குள். ஆனால் முதல் தர வெற்றிகள் மிகக் குறைவு. பட்டியல் வெளியாக இன்னும் ஒரு வாரம். அந்த வாரம் முழுக்க இவர்களுக்கு ஆட்டமே இல்லை.

நாம் பெயர் சூட்ட வேண்டியது அந்த ஒரு வாரத்துக்குத்தான் என்பேன். டெர்ரா ஹோட்டில் உட்கார்ந்துகொண்டு, மற்றக் கூட்டமைப்புகளின் கோப்பைப் போட்டிகளில், வாஷிங்டனில் யார் ஜெயிக்கிறார்கள், லாஸ் வேகஸில் யார் தோற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வாழ்நாளில் அக்கறை காட்டியிராத அணிகளுக்காக நகத்தைக் கடித்தோம். இடம் உறுதியான அணி தன் கூட்டமைப்புக் கோப்பையை வென்றால் நமக்கு நிம்மதி. கணக்கிலேயே இல்லாத அணி ஒன்று வென்றுவிட்டால், தோற்ற அந்த உறுதியான அணிக்கு 36இல் ஓர் இடம் போய்விடும்.

மார்ச் 15, வெள்ளி இரவு. நார்த் கரோலினா ஸ்டேட், பருவத்தின் கடைசி நான்கு ஆட்டத்தையும் தோற்றுவிட்டுத் தன் கூட்டமைப்பில் பத்தாம் இடத்தில் கோப்பைக்கு வந்த அணி. அரையிறுதியில் வர்ஜீனியாவிடம் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. நேரம் முடியும் மணியோடு மைக்கேல் ஓ’கானல் தூரத்திலிருந்து எறிந்த பந்து பலகையில் பட்டு, வளையத்துக்குள் விழுந்தது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், அதில் அவர்கள் ஜெயித்தார்கள். மறுநாள் நார்த் கரோலினாவையும் வென்று கோப்பையை எடுத்தார்கள். ஐந்து நாளில் ஐந்து வெற்றி. அதே சனிக்கிழமை ஒரேகானும் நியூ மெக்சிகோவும் எதிர்பாராமல் தங்கள் கோப்பைகளை வென்றன. இடம் உறுதி என்றிருந்த ஃபுளோரிடா அட்லாண்டிக், டெம்பிளிடம் ஒரே புள்ளியில் விழுந்தது. அதனால் அந்தக் கூட்டமைப்பிலிருந்தும் கூடுதலாக ஓர் அணி உள்ளே வந்தது. எங்கள் பையன்கள் ஒரு பந்தைக்கூட எறியாமலே இடங்கள் ஒவ்வொன்றாகப் போயின.

ஞாயிறு மாலை, பட்டியலை அறிவிக்கும் ஒளிபரப்பு. நான்கு மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் அணிகளுக்கு 1 முதல் 16 வரை நிலை. மண்டலங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். நம்மைப்போன்ற அணிக்கு 10ஆம், 11ஆம் நிலைக் கட்டம்தான் கதி, ஆகவே கண் அங்கேயே இருக்கும். முதல் மண்டலத்தில் இல்லை, சரி, இன்னும் மூன்று இருக்கிறது. கடைசி மண்டலம் திறக்கும்போது எந்தெந்தப் பெயர் இன்னும் வரவில்லை என்று மனம் தானாகவே கணக்குப் போடும். இந்தியானா ஸ்டேட் பெயர் வரவே இல்லை. ஓக்லஹோமா, செட்டன் ஹால், பிட்ஸ்பர்க் ஆகியவற்றுக்கும் அதே கதி. அந்த ஆண்டு சாம்பியனான கனெக்டிகட்டையே டிசம்பரில் தோற்கடித்திருந்தது செட்டன் ஹால். பிறகு என்.ஐ.டி. என்ற இரண்டாம் கட்டக் கோப்பையின் இறுதியாட்டத்தில் இந்தியானா ஸ்டேட்டும் செட்டன் ஹாலுமே மோதின. இந்தியானாபொலிஸின் பழைய ஹிங்கிள் அரங்கில் நடந்த அந்த ஆட்டத்தில் 79-77 என்று இரண்டு புள்ளியில் இந்தியானா ஸ்டேட் தோற்றது. தேசியப் போட்டியில் இடம் மறுக்கப்பட்ட அணிகளா இவை என்று யாரையும் கேட்கவைக்கும் ஆட்டம்.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

‘குமிழி அணி’ நேர்ச்சொல். ஆனால் தமிழில் நீர்க்குமிழி என்றாலே நிலையாமைதான் நினைவுக்கு வரும். குமிழி அணி என்று படிப்பவர், இரண்டு நாள் மின்னிவிட்டுக் காணாமல்போகும் அணி என்று எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் இந்த வழக்கு இந்தியானாபொலிஸ் கார்ப் பந்தயத் தகுதிச் சுற்றிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அங்கே கடைசி இடத்தில் நிற்கும் காரை, வேகமாக ஓட்டும் இன்னொருவர் வந்து தள்ளிவிடலாம். அந்தப் பின்னணி நமக்கு இல்லாதபோது வெறும் குமிழியை மட்டும் கொண்டுவருவதில் பயனில்லை.

‘விளிம்புநிலை’ கூடவே கூடாது. ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்க அந்தச் சொல் நிலைபெற்றுவிட்டது. வர்ஜீனியா போன்ற பணக்காரப் பல்கலைக்கழக அணியை விளிம்புநிலை அணி என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கே அநியாயம்.

மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிப்பது என்று பூனைதான் முடிவு செய்யும். இங்கே முடிவு அணியின் கையில் இல்லை. திரிசங்கு என்றைக்கும் தொங்குபவன். இவர்களுக்கோ அந்த ஞாயிறு மாலை ஒரு முடிவு வந்தே தீரும்.

பெங்களூருத் தம்பி சொன்ன ‘காத்திருப்பு அணி’யை எளிதில் தள்ள முடியாது. ரயில் டிக்கெட் எடுத்த எல்லாருக்கும் காத்திருப்போர் பட்டியல் தெரியும். ஆனால் அதில் நமக்கு ஓர் எண் உண்டு. முன்னால் இருப்பவர் டிக்கெட்டை ரத்து செய்தால் நம் எண் நகரும். இங்கே யாருக்கும் எண் கிடையாது, யார் முன்னால் யார் பின்னால் என்பதே சண்டை. தவிர, காத்திருப்பவர் சும்மா இருந்தால் போதும். இந்த அணிகள் மார்ச் வரை ஆடி ஆடித்தான் தங்கள் பக்கம் இழுக்க வேண்டும்.

டொராண்டோ அக்காவின் ‘திண்ணை அணி’ அழகான சொல். உள்ளேயும் இல்லை, தெருவிலும் இல்லை, வீட்டுக்காரர் கூப்பிட்டால்தான் உள்ளே. படித்தவுடன் மனத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அக்கா, திண்ணை இளைப்பாறும் இடம் இல்லையா? திண்ணைப் பேச்சு, திண்ணைப் பிரச்சாரம் என்று இன்றைய செய்தித்தாளில் அது வரும் இடமெல்லாம் சாவகாசம்தான் தெரிகிறது. இந்த அணிகளின் பிப்ரவரியில் சாவகாசம் என்பதே கிடையாது.

‘இழுபறி’யை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தேர்தல் முடிவு நாளில் ‘இழுபறி நீடிக்கிறது’ என்று டி.வி.யில் ஓடினால், முடிவு தெரியவில்லை, எப்படியும் போகலாம், எங்கோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் புரியும். கூட்டமைப்புக் கோப்பை வாரமும் அப்படித்தான். சொல்லிலேயே அசைவு இருக்கிறது. தான் இழுப்பதும் உண்டு, பிறர் இழுப்பதும் உண்டு.

மதுரை ஐயா ஓர் ஆட்சேபம் எழுப்பியிருந்தார். நெருக்கமாக முடியும் ஆட்டத்தையும் இழுபறி என்கிறோமே, குழம்பாதா என்று. ஆட்டம் இழுபறியாகும் ஐயா. ‘இழுபறி அணி’ என்று அணியோடு சேர்த்து யாரும் இதுவரை பெரிதாகப் புழங்கவில்லை. அந்தச் சேர்க்கைக்கு இந்தப் பொருளைக் கொடுத்தால் மோதல் வராது.

சொல் நன்றாகக் கிளைக்கவும் செய்கிறது. எந்த அணி எந்த நிலையில் இருக்கிறது என்று பத்திரிகைகள் பிப்ரவரி முதல் போடும் தொடரை ‘இழுபறி நிலவரம்’ எனலாம். முடிவைச் சொல்லத் ‘தேறியது’ என்ற வினை போதும்: “இழுபறியில் இருந்த வர்ஜீனியா தேறியது, இந்தியானா ஸ்டேட் தேறவில்லை.” கடைசியாகத் தேறியவர்களில் நான்கு அணிகள் ஒஹாயோவின் டேட்டன் நகரில் முன்சுற்று ஆட வேண்டும். வர்ஜீனியா அங்கே போய்க் கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42 என்று தோற்றது. ஆனால் அதே முன்சுற்றிலிருந்து 2011இல் வர்ஜீனியா காமன்வெல்த்தும் 2021இல் யூ.சி.எல்.ஏ.வும் அரையிறுதி வரை போயிருக்கின்றன. ஆகவே ‘தப்பிப் பிழைத்தது’ போன்ற இளக்காரமான வினை வேண்டாம். தேறியவன் தேறியவன்தான்.

இன்னும் ஒன்று முடிவாகவில்லை. கணக்கில் இல்லாமல் கோப்பை வென்று இழுபறி அணியின் இடத்தை எடுத்துக்கொள்ளும் அணிக்கு ஆங்கிலத்தில் திருட்டுப் பட்டம் கட்டுகிறார்கள். அதைப் பின்பற்றித் தம்பி ‘இடம்பறி அணி’ என்றார். இழுபறியோடு ஓசை பொருந்துகிறது, ஆனால் என் மனம் ஒப்பவில்லை. நார்த் கரோலினா ஸ்டேட் எங்கள் இடத்தைக் கொண்டுபோனது என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு. ஆனாலும் ஐந்து நாள் தொடர்ந்து ஆடி வென்றவர்களைப் பறித்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். அதே அணி அந்த மார்ச்சில் தேசிய அரையிறுதி வரை போனது. ‘கோப்பையைத் தட்டிச் சென்றது’ என்று நம் விளையாட்டுப் பக்கங்கள் எழுதுவதுண்டு. அதிலிருந்து ‘இடம்தட்டிய அணி’ என்று வைத்துக்கொள்ளலாமா? இழந்தவனின் வலியும் இருக்கும், வென்றவனுக்குப் பாராட்டும் இருக்கும்.

‘இழுபறி அணி’க்கு மறுப்பு இருப்பவர்கள் இந்த வார இறுதிக்குள் எழுதுங்கள். ‘இடம்தட்டிய அணி’யை விடச் சுருக்கமாக ஏதாவது தோன்றினால் அதையும் அனுப்புங்கள். இரண்டையும் சேர்த்தே நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
இந்தியானாவிலிருந்து