பழைய தும்பிக்கை ‘லை’யை எழுத்துருவில் வைக்கலாமா?

தேக்கா_தூரிகை:
வணக்கம். நான் தனியாக உட்கார்ந்து எழுத்துரு வரைகிறவன், பின்னால் நிறுவனம் எதுவும் கிடையாது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் திறக்கப்போகிற ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முகப்புப் பலகை, மெனு இரண்டுக்கும் சேர்த்து ஒரு தமிழ் எழுத்துரு கேட்டிருக்கிறார்கள். 1950களில் இருந்த மாதிரி வேண்டுமாம். அது எப்படி இருக்கும் என்று கேட்டால் கடைக்காரர் பழைய லை, ணை, றா (துணைக் குறி தனியாக நிற்காமல் தும்பிக்கை, வால் என்று எழுத்தோடு ஒட்டி வரும் வடிவம்) மூன்றையும் காகிதத்தில் போட்டுக் காட்டி “இதுதான்” என்கிறார். அவர் மகள் பக்கத்திலேயே நின்று அதே முறையில் எழுதிய ‘வெற்றிலை’யை வாசிக்கத் தெரியாமல் விழிக்கிறாள். பழைய வடிவத்தையே இயல்பாக வைப்பதா, ஒளித்து வைப்பதா, அல்லது வேண்டாம் என்று விட்டுவிடுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஈயக்கட்டை:
தம்பி, நான் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவன். நீங்கள் சொல்வது மொத்தம் 13 எழுத்து: ணா, றா, னா, அதோடு ணை, லை, ளை, னை, பிறகு ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. பெரியார் 1935இலேயே தம் குடியரசு இதழில் புது முறையைப் புழங்க ஆரம்பித்துவிட்டார், தமிழ்நாட்டில் அரசாணை வந்தது 1978இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். சிங்கப்பூரும் மலேசியாவும் அப்புறம் எடுத்துக்கொண்டன. ஆகவே 1950கள் என்றால் கடைக்காரர் கேட்பது காலத்துக்குப் பொருந்தும், அதில் தப்பில்லை.

எங்கள் கஷ்டம் வேறு. ‘மை’ என்றால் ை ஓர் அச்சு, ம ஓர் அச்சு, சேர்த்து எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கில் வைத்தால் வேலை முடிந்தது. ‘லை’க்கு அப்படி நடக்காது, தும்பிக்கையோடு வார்த்த தனி அச்சு, எழுத்துகள் போட்டுவைக்கும் கேஸில் அதற்குத் தனி அறை. இல்லை, வேலை, விலை, காலை, மாலை என்று தமிழில் எங்கே பார்த்தாலும் லைதானே, அந்த அறைதான் முதலில் காலியாகும். அடித்து முடித்த பக்கத்தைப் பிரித்துப் போட்டால்தான் அடுத்த பக்கம் நகரும். புது முறை வந்தபோது எங்கள் அச்சகத்தில் யாரும் அழவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சுழியன்:
நானும் தனி ஆளாக எழுத்துரு போடுகிறவன்தான். பழைய தோற்றம் அந்த 13 எழுத்தில் இல்லை என்பது என் கட்சி. 1862இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் வந்த வின்சுலோ அகராதியைப் பாருங்கள், அச்சகப் பொறுப்பாளர் ஹண்ட் செய்வித்த அந்தப் பொடி எழுத்து. அப்புறம் 1950களின் ஏதாவது ஒரு வார இதழைப் பாருங்கள். இரண்டிலும் பழைய லைதான், ஆனால் இரண்டும் ஒரே காலம் என்று குழந்தைகூடச் சொல்லாது. காலத்தைக் காட்டிக்கொடுப்பது கோட்டின் தடிமன், சுழியின் அளவு, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் விட்ட இடம். இப்போதைய மெலிந்த ஒரே தடிமன் எழுத்துருவில் தும்பிக்கையை மட்டும் ஒட்டவைத்தால், அது மாறுவேடப் போட்டிக்குப் போகிற பிள்ளை மாதிரிதான் நிற்கும்.

அதனால் முதலில் ண-வையும் ட-வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரையுங்கள். ‘ட’ இரண்டே கோடு, ‘ண’வில் சுழியும் கோடுமாக நெரிசல். ஆங்கில எழுத்தில் செய்வதுபோல நிற்கும் கோட்டை எல்லாம் தடியாக்கினால் ‘ண’ கறுப்புத் திட்டாகிவிடும், ‘கண்டேன்’ என்று எழுதினால் நடுவில் மை கொட்டின மாதிரி இருக்கும். ‘ண’வின் உள்கோடுகளை இளைக்கவிடுங்கள், சுழியின் உள்ளே வெளிச்சம் தெரியவேண்டும். இதைச் சரிசெய்யாமல் லை பக்கம் போகாதீர்கள்.

லை விஷயத்தில், இயல்பாகப் புது வடிவம், பழையதை எஸ்எஸ்01 என்ற ஓப்பன்டைப் வசதிக்குள் (எழுத்துருவிலேயே மாற்று வடிவத்தை வைத்து, வேண்டும்போது இயக்கிக்கொள்வது) வையுங்கள். 13 என்றாலும் வரையவேண்டியது ஏழுதான். ணொ, ணோ போன்றவற்றை மென்பொருளே முன்கொம்பு, எழுத்து, கால் என்று பிரித்துவிடும், பழைய ணா இருந்தால் போதும். ஓர் இடத்தில் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள்: தட்டெழுதும்போது ல முதலில், ை பிறகு. ஆனால் வடிவத்தை மாற்ற எழுத்துருவுக்குள் நீங்கள் எழுதும் விதி வேலை செய்யும் நேரத்தில் ை ஏற்கெனவே முன்னால் வந்து நிற்கும். விதியையும் அதே வரிசையில், ை முதலிலும் ல பிறகுமாக எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது.

நான்காம்_மொழி:
வீட்டில் உயர்நிலை ஒன்று படிக்கிற பையன் இருக்கிறான், அந்தப் பெண் விழித்தது எனக்கு ஆச்சரியமே இல்லை. பலகையில் பழைய லை இருக்கட்டும், நின்று பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். மெனுவில் ‘விலை’, ‘இலைச் சாப்பாடு’, ‘கொண்டைக்கடலை’ எல்லாவற்றிலும் அதைப் போட்டால் பிள்ளைகள் ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். இந்த ஊரில் தமிழை விட்டுத் தாவ அவ்வளவு காரணம் போதும்.

குறியீட்டுக்காரி:
சுழியன் அண்ணா சொன்னதோடு ஒன்று. பழைய வடிவத்துக்குத் தனிக் குறியீட்டு இடம் (எழுத்தைக் கணினி அடையாளம் காணும் எண்) எதுவும் கொடுத்துவிடாதீர்கள். இப்போது எல்லாரும் பயன்படுத்தும் பொதுக் குறியீடான யூனிகோடில் ல, ை என்ற இரண்டுதான் சேமிக்கப்படும், வடிவம் எதுவானாலும் தேடினால் கிடைக்கும். 1990களில் எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்று இருந்து, ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் திறக்க முடியாமல் பட்ட பாடு பெரியவர்களுக்குத் தெரியும். 1997இல் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் என்ற தமிழ் இணைய மாநாட்டை நம் ஊரிலேயே கூட்டினார், அங்கே பேசப்பட்டதில் இந்தக் குறியீட்டுக் குழப்பம் முக்கியமானது.

தேக்கா_தூரிகை:
அனைவருக்கும் நன்றி, ஏழுதான் என்று கேட்டதும் பாதிப் பாரம் இறங்கியது. சுழியன், 1950களின் கோட்டைப் பார்க்க எங்கே போவது? இணையத்தில் கிடைப்பதெல்லாம் யாரோ அண்மையில் ‘ரெட்ரோ’ என்று வரைந்தது.

சுழியன்:
தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. செய்தியை விடுங்கள், விளம்பரங்களைப் பாருங்கள். பெரிய எழுத்தில் கையால் வரைந்த தலைப்புகள் அங்கேதான் சிக்கும், கடைப் பலகைக்கு அச்செழுத்தைவிட அதுதான் நெருக்கம். 1887இல் வந்த சிங்கைநேசன் இதழையும் ஆசைக்குப் பார்க்கலாம், ஆனால் அதிலிருந்து எடுத்தால் கடைக்காரர் கேட்டதற்கு அறுபது எழுபது வருஷம் முன்னால் போய்விடுவீர்கள். படியெடுத்த பக்கத்தில் மை பரவிக் கோடு தடித்துத் தெரியும், அந்தத் தடிமனை அப்படியே அளந்து வரையாதீர்கள், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஈயக்கட்டை:
வரைந்ததும் இங்கே போடுங்கள் தம்பி. ‘றா’வின் வால் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்க்கவேண்டும். அடுத்த வரியின் ‘கீ’ மேல் இடித்தால் எனக்குப் பொறுக்காது.