மைப்பேனாவுக்கு நிறம் தேர்ந்தெடுத்த அனுபவங்கள்: கறுப்பு, அரக்கு, பச்சை

கானாடுகாத்தான் வீட்டுக்காரர்:
மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பேனா வைப்பது என்று முடிவானதும், எந்தப் பேனா என்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை. மாண்ட்பிளாங்க் கம்பெனியின் கறுப்பு 149. 1952 முதல் வருகிற பேனா, நிப்பில் 4810 என்று மாண்ட்பிளாங்க் மலையின் உயரம் மீட்டரில் பொறித்திருக்கும், பேனாப் பிரியர்கள் கூடும் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஆத்தாதான் தடுத்தார். "சீர்த் தட்டில் கறுப்பை வைக்காதே" என்று ஒரே வார்த்தை. அதற்கு மேல் பேச்சில்லை. தம்பி, அதே கம்பெனியின் 146இல் அரக்குச் சிவப்பு ஒரு காலத்தில் வந்தது என்றான். வழக்கமான வரிசையில் அது இப்போது கிடையாது. பழைய சரக்கு விற்பவரிடம் சொல்லிவைத்து வாங்கினேன். மூடி, உடல் எல்லாமே அரக்கு, தங்க வளையம். தட்டில் மஞ்சள், வெற்றிலைக்கு நடுவில் வைத்தபோது அதற்காகவே செய்தது போல இருந்தது.

கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானம் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்திடும் நேரம். சம்பந்தி தம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அதே 149. கறுகறுவென்று. மூடியைத் திருகிக் கழற்றி, நிதானமாக, அகன்ற நிப்பில் கையெழுத்துப் போட்டார். மை காயும் வரை எல்லாரும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் மட்டும் ஆத்தாவின் முகத்தைப் பார்த்தேன். ஆத்தா குனிந்து பார்த்துவிட்டு, "எழுத்து என்ன லட்சணம்!" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து மனத்தில் உறுத்துகிறது. நம் தட்டில் இருந்தால் ஆகாத கறுப்பு, அவர் கையில் இருந்தால் ஆகுமா? நீங்கள் என்றால் எதை வைத்திருப்பீர்கள்?

பள்ளத்தூர் ஆச்சி:
அண்ணன், கறுப்பு ஆகாது என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்டாங்கியில் கறுப்பு இல்லாமலா நம் பெரியவர்கள் கட்டினார்கள்? உங்கள் ஆத்தாவுக்கு மரியாதை கொடுத்தீர்கள், அது சரி. ஆனால் அதை எல்லாருக்கும் விதியாக்க வேண்டாம்.

என் உறுத்தல் வேறு. தலைமையாசிரியை ஆனபோது எனக்கு நானே வாங்கிக்கொள்ள ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளர் கேட்காமலேயே வெள்ளையும் ரோஜா நிறமுமாக மெலிந்த பேனாக்களை வரிசையாக அடுக்கினார். பெண்களுக்கு அதுதான் எடுப்பாக இருக்குமாம். நான் பெலிக்கான் கம்பெனியின் எம்800 பேனாவை, உடலில் பச்சைக் கோடுகள் போட்டதைக் கேட்டேன். அந்தக் கம்பெனி 1929இல் முதன்முதலாக மைப்பேனா செய்தபோதே பச்சையும் கறுப்பும்தான். கடைக்குள் மஞ்சள் விளக்கில் கோடே தெரியவில்லை, வெறும் இருட்டுக் குழாய். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் மெதுவாகத் திருப்பினேன். ஒவ்வொரு கோடாகப் பச்சை எழுந்து வந்தது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையிலுள்ள சந்து வழியே வெளிச்சம் உள்ளே போகிறது. மை நிரப்பிவிட்டால் எவ்வளவு மிச்சம் என்பது அந்தச் சந்தில் தெரியும். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பணத்தை எண்ணிக் கொடுத்தது நான். பில்லில் என்ன பெயர் என்று அவர் கேட்டது என் கணவரிடம். இன்றும் அந்தப் பேனாவைத் திறக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்து கோபம் வருகிறது.

தேவகோட்டை வளவு:
இருவரும் புதுப் பேனாவின் நிறத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நாளைக்கு அது என்ன நிறமாகும் என்று யாராவது யோசித்தீர்களா?

ஐயா ரங்கூன் கடையில் அடுத்தாளாக இருந்தபோது வாங்கிய பேனா எங்கள் பெட்டகத்தில் கிடந்தது. செல்லுலாய்டு என்ற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். மூடி இளம்பச்சை, பார்க்கப் பார்க்க அலுக்காது. உடல் மட்டும் அழுக்குத் தவிட்டு நிறம். வேறு பேனாவின் மூடியை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்திருந்தோம். உடலைக் கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. உள்ளே மை நிற்கும் ரப்பர் பை, கல்லாக இறுகிக் கிடந்தது.

ரப்பரிலுள்ள கந்தகம் ஆவியாகிச் செல்லுலாய்டை உள்ளிருந்தே நிறம் மாற்றும். வெளிர் நிறங்கள்தான் முதலில் பலியாகும். 1924இல் ஷீஃபர் கம்பெனி கொண்டுவந்த பச்சைச் செல்லுலாய்டுப் பேனாவுக்குப் பிறகு இந்த நிறத்துக்குப் பெரிய மோகம் இருந்தது. அந்தக் காலத்துப் பச்சைப் பேனாக்கள் பலவற்றுக்கும் இதே கதி. தேய்த்தால் போகாது, அது அழுக்கே அல்ல. ஆகவே பழைய செல்லுலாய்டு வாங்குகிறவர்கள் மூடியையும் உடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்றைய செல்லுலாய்டில் ரப்பர் பைக்குப் பதிலாக மையை உறிஞ்சும் பிஸ்டனோ, கழற்றி மாட்டும் கன்வெர்ட்டரோ இருந்தால் இந்தப் பயம் வேண்டாம்.

எபோனைட் வேறு கதை. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டியாக்கியது. 1920க்கு முன் பெரும்பாலும் கறுப்புப் பேனாக்களே வந்ததற்கு இதுதான் காரணம். 1921இல் பார்க்கர் டியோஃபோல்டைச் செம்மஞ்சள் எபோனைட்டில் கொண்டுவந்தது அன்றைக்குத் துணிச்சலான காரியம். நம் திருவள்ளூரிலேயே ரங்கா பேனா பல நிறங்களில் கடைந்து தருகிறார்கள். கறுப்பு எபோனைட்டை வெயிலில் வைக்காதீர்கள், நீரில் ஊறப்போடாதீர்கள், பழுப்பேறும். கண்ணாடி போன்ற பேனா வாங்கினால் சிவப்பு மை ஊற்றாதீர்கள், கறை பிடித்துக்கொள்ளும். கானாடுகாத்தான் அண்ணன், அந்த அரக்குப் பேனாவை மாப்பிள்ளை ஜன்னலோரம் வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, கல்யாணத்தில் கொடுத்த பேனாவைப் பூட்டிவைக்கச் சொல்கிறீர்களா? ஐயாவின் பேனா நிறம் மாறியது பெட்டகத்துக்குள் இருந்தபோதுதானே?

காரைக்குடிக்காரன்:
ஆச்சி கேட்டது நியாயம். நிறம் மாறினாலே நஷ்டம் என்று தேவகோட்டை நண்பர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் வாங்கியது ஜப்பானிய உருஷி என்ற மரப்பால் அரக்குப் பூசிய சிவப்புப் பேனா. பெட்டியைத் திறந்ததும் மனம் விட்டுப்போயிற்று. சிவப்பே இல்லை, காய்ந்த செங்கல்லின் மங்கல். அப்பச்சி பார்த்துவிட்டு, படத்தில் காட்டியது ஒன்று, அனுப்பியது ஒன்று என்றார். திருப்பி அனுப்பாமல் எழுதிக்கொண்டே இருந்தேன். உருஷி இறுகிய புதிதில் கறுத்துத்தான் இருக்கும். நாளாக ஆக அரக்கு தெளிந்து, அதில் கலந்த சிவப்பு மேலே தெரியவரும். வெயில் மட்டும் அதற்குப் பகை.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் கடை ஒன்றில் பர்மா அரக்குப் பெட்டியைப் பார்த்தபோது பேனாவை அதன் பக்கத்தில் வைத்தேன். பர்மாவில் அரக்குக்குப் பால் வடிப்பது வேறு மரம், ஜப்பானில் வேறு மரம். இரண்டுமே மா, முந்திரி குடும்பம்தான். கடைக்காரர் பேனாவை வேட்டி நுனியால் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, பெட்டியின் அடிப்புறத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். விரல் படாத அந்த அடிப்புறச் சிவப்பும் என் பேனாவின் சிவப்பும் ஒன்றாகவே இருந்தன. பெட்டியை விற்க மறுத்துவிட்டார். அதுதான் என் குறை. இப்போதும் அந்தத் தெரு வழியாகப் போனால் உள்ளே எட்டிப் பார்க்கிறேன்.

புதுவயல் வாசகன்:
எனக்கு அம்மான் பேனா வாங்கித் தருவதாகச் சொல்லி நிறம் கேட்டார். நீலம் என்றேன். வந்தது கறுப்பு. "கறுப்புதான் எந்தச் சபைக்கும் பொருந்தும்" என்றார். எழுதுவதில் ஒரு குறையும் இல்லை, வழவழவென்று ஓடுகிறது. ஆனால் நிறம் கேட்டுவிட்டு ஏன் மாற்றினார் என்று இதுவரை அவரிடம் கேட்கவில்லை. இப்போது என் சம்பாத்தியத்தில் நீலம் வாங்கப் போகிறேன். ஆச்சி சொன்னபடி வாசல் வெளிச்சத்தில் பார்த்தே வாங்குவேன். எம்800 நீலக் கோடு வைத்திருப்பவர்கள் பகலில் எடுத்த படம் இருந்தால் போடுங்கள். விளக்கடியில் எடுத்தது வேண்டாம்.