அவசரம்: காற்றாலை இறக்கையைப் படம் எடுத்தால் வீடியோ கூழ்போல் நெளிகிறது

ஆரல்காற்று
நண்பர்களே, ரிமோட் ஹெலிகாப்டரில் கேமரா கட்டி, முப்பந்தல் பக்கம் காற்றாலை இறக்கைகளைப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். முந்தாநாளிலிருந்து வீடியோ முழுவதும் நெளிகிறது. நேர்கோடாகத் தெரிய வேண்டிய இறக்கை விளிம்பு பாம்புபோல் வளைகிறது. மயிரிழை விரிசல் எது, நெளிவு எது என்று பிரிக்க முடியவில்லை. கேமராவை மாற்றியும் அதே கதை. நாளை மறுநாள் எனக்காக நான்கு காற்றாலைகளை நிறுத்தித் தருகிறார்கள். தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

சுழலி
எந்த அளவு ஹெலிகாப்டர்? பெட்ரோலா, பேட்டரியா? நிமிடத்துக்கு எத்தனை சுற்று? ஷட்டர் வேகம் என்ன?

கோட்டாறுக்காரன்
கேமராவுக்கு அடியில் அதிர்வைத் தாங்க இருக்கும் ரப்பரைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் அது கல்லாக இறுகிவிடும். எனக்கு மூன்று முறை ரப்பர்தான் காரணம்.

பழைய மெக்கானிக்
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. காசு வாங்கிக்கொண்டு பறக்கவிடுபவர் தன் இயந்திரத்தின் அளவைக்கூடச் சொல்லாமல் உதவி கேட்பது சரியல்ல. கடைசியாக எப்போது இடித்தீர்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஆரல்காற்று
மன்னிக்கவும் ஐயா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். 700 அளவு (பிளேடு நீளம் ஏறத்தாழ 700 மி.மீ.), பேட்டரி, 1800 சுற்று. ஷட்டர் தானியங்கியில் இருக்கிறது. எங்கும் விழவில்லை. போன வாரம் இறக்கும்போது பிளேடு நுனி கருவேலங்கிளையில் லேசாக உரசியது, அவ்வளவுதான். பிளேடு இரண்டையும் புதிதாக மாற்றிவிட்டேன்.

சுழலி
அந்த உரசல்தான் விஷயம் என்று நினைக்கிறேன். 1800 சுற்று என்றால் நொடிக்கு 30. ஒரு பிளேடு கனமாகவோ தண்டு வளைந்தோ இருந்தால், நொடிக்கு 30 முறை உடல் முழுவதும் உதறும். கேமரா ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிகிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் கேமரா அசைந்துவிட்டால் நேர்கோடு நெளியும். வால் சுழலி ஏறத்தாழ நாலரை மடங்கு வேகத்தில் சுற்றுவதால் அதன் உதறல் பொடிப்பொடியாக இருக்கும். உங்கள் வீடியோவில் அலை அகலமா, நெருக்கமா?

ஆரல்காற்று
அகலம். மிதக்கவிட்டுப் பார்த்தால் வால் துடுப்பும் இரண்டாகத் தெரிகிறது.

கோட்டாறுக்காரன்
ரப்பரையும் பார்த்துவிடுங்கள் தம்பி.

வானோடி
இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? ஆறு சுழலி டிரோன் வாங்குங்கள். வளைவதற்கு நீளமான தண்டு இல்லை. ஒரு மோட்டார் நின்றாலும் பெரும்பாலும் தரைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

வயல்வெளி
ஹெலிகாப்டரை இவ்வளவு எளிதாகத் தள்ளாதீர்கள். ஜப்பானில் நெல்வயலுக்கு மருந்து தெளிக்க யமஹா ஆர்-50 வந்தது 1987-இல். 1997-இல் வந்த ஆர்-மேக்ஸ் 246 சிசி எஞ்சினோடு 28 கிலோ வரை தூக்கியது. பெரிய சுழலி கீழே தள்ளும் காற்று பயிரை விலக்கி மருந்தை அடித்தண்டு வரை கொண்டுசேர்க்கிறது. 2000-இல் உசு எரிமலை வெடித்தபோது மனிதர் நெருங்க முடியாத இடத்தை ஆர்-மேக்ஸ்தான் பார்த்து வந்தது. எஞ்சின் நின்றாலும் சுழலியின் வேகத்தை வைத்தே இறக்கலாம். நான்கு சுழலி டிரோனில் அது நடக்காது.

வானோடி
நான் சொன்னது ஆறு சுழலி. இவருக்கு 28 கிலோ தூக்கும் வேலையும் இல்லை, ஒரு கேமராதான்.

வயல்வெளி
ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஆடிக்காற்றில் நின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பிளேடின் கோணத்தை நொடியில் மாற்றிக் காற்றை எதிர்ப்பது ஹெலிகாப்டர்தான்.

சுழலி
இருவரும் தனி இழை தொடங்குங்கள், நாளை மறுநாள் அவருக்கு வேலை இருக்கிறது. ஆரல்காற்று, எதை ஓட்டினாலும் 2 கிலோவுக்கு மேல் போனால் 2021 டிரோன் விதிகளின்படி ரிமோட் பைலட் (ஓட்டுபவர்) சான்று வேண்டும். ஹெலிகாப்டரும் அதில் அடக்கம்.

பழைய மெக்கானிக்
பிளேடை மட்டும் மாற்றுவது பாதி வேலை. சுழலித் தலைக்குள் இரண்டு பிளேடுகளையும் இணைத்துக் குறுக்கே ஓடும் பெதரிங் ஷாஃப்டைக் கழற்றுங்கள். வீட்டுக் கண்ணாடிப் பலகையில் வைத்து விரலால் மெல்ல உருட்டுங்கள். நேராக இருந்தால் சத்தமில்லாமல் ஓடும். வளைந்திருந்தால் தட்டித் தட்டி ஓடும், அடியில் வெளிச்சக் கீற்று தெரிந்து மறையும். அதைத் தட்டி நிமிர்த்தவே கூடாது, புதிது போடுங்கள். பிறகு இரு பிளேடு நுனியிலும் வேறு வேறு நிற டேப் ஒட்டி, இன்னொருவரைத் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். இரு நிறமும் ஒரே தளத்தில் ஓட வேண்டும். கேமராவுக்கு ஒளியைக் குறைக்கும் கரும் வடிகட்டி போட்டால் ஷட்டர் மெதுவாகி நெளிவு மங்கும், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். ஆட்கள் நிற்கும் இடத்தில் அப்படிப் பறக்கவிடாதீர்கள்.

ஆரல்காற்று
சான்று வைத்திருக்கிறேன். இன்று இரவே கழற்றுகிறேன் ஐயா.

கோட்டாறுக்காரன்
என்ன ஆயிற்று தம்பி? ரப்பரா?

சுழலி
மூன்று நாள் ஆகிவிட்டது. முடிவை எழுதினால் அடுத்து வருபவருக்கு உதவும்.

ஆரல்காற்று
பெதரிங் ஷாஃப்ட்தான். கண்ணாடியில் தட்டியது. நாகர்கோவிலில் கிடைக்கவில்லை, மதுரையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்தேன். மூன்று காற்றாலை முடிந்தது, நான்காவதுக்குப் போகிறேன். அனைவருக்கும் நன்றி.