ஆப்பிரிக்கக் கிராமத்து மிஷன் மருத்துவமனையில் ஒரு நாள் எப்படிக் கழியும்?

திருப்பாதிரிப்புலியூரான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் எம்.பி.பி.எஸ். முடித்துக் கடலூர் மாவட்டத்தில் கிராமத்து மருத்துவமனை ஒன்றில் பணியாற்றுகிறேன். மலாவி நாட்டின் உட்பகுதியில் உள்ள ஒரு மிஷன் மருத்துவமனைக்கு ஈராண்டு ஊழியத்துக்கு வருமாறு எங்கள் சபை வழியாக அழைப்பு வந்திருக்கிறது. செவிலியரான என் மனைவியும் உடன் வர விரும்புகிறார். சபைக் கூட்டங்களில் மிஷனரிகளின் சாட்சிகளை நிறையக் கேட்டிருக்கிறோம். ஆனால் காலை முதல் இரவு வரை அங்கே என்ன வேலை இருக்கும், எப்படிப்பட்ட நோயாளிகள் வருவார்கள், இங்கே கற்றதில் எது அங்கே உதவும், எது உதவாது என்பதை அங்கே இருந்து வந்தவர்கள் சொன்னால், முடிவெடுக்கப் பெரிதும் துணையாக இருக்கும்.

லாஸ்பேட்டை மருத்துவர்

தம்பி, நான் மலாவியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியவன். காலை ஏழரை மணிக்கு ஊழியர் அனைவரும் கூடி ஜெபம் செய்வோம். அது முடிந்ததும், இரவில் யார் சேர்ந்தார்கள், யார் இறந்தார்கள் என்று இரவுப் பணியாளர்கள் சொல்வார்கள். பிறகு வார்டு.

நவம்பரில் மழை தொடங்கிவிட்டால் குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு மூன்று பிள்ளைகள் படுத்திருப்பார்கள். பெரும்பாலோருக்கு ஃபால்சிபாரம் என்னும் கடுமையான வகை மலேரியா. காய்ச்சல் என்றால் டெங்குவையும் ஸ்கரப் டைஃபஸையும் (பூச்சிக்கடியால் வரும் காய்ச்சல்) நினைத்துப் பழகிய நாம், அங்கே முதலில் பிள்ளையின் இமையும் உள்ளங்கையும் வெளுத்திருக்கின்றனவா என்று பார்க்கப் பழக வேண்டும். வலிப்பும் மயக்கமும் மட்டுமல்லாமல், சிவப்பணுக்கள் உடைந்து ஏற்படும் சோகையும் உயிரைக் கொண்டுபோகிறது. மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் ஊசி பெரும்பாலும் கையிருப்பில் இருக்கும். 20 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2.4 என்ற அளவு விரைவில் மனப்பாடமாகிவிடும். இரத்தம்தான் கிடைக்காது. உடன் வந்த மாமனையோ சித்தப்பாவையோ அழைத்து, வகை பொருந்துகிறதா என்று பார்த்து, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ், சிஃபிலிஸ் சோதனைகள் முடித்து ஏற்றுவதற்குள் பிள்ளை போய்விடுவதும் உண்டு. சனவரி, பிப்ரவரியில் பழைய மக்காச்சோளம் தீர்ந்து புதுக்கதிர் முற்றாமல் இருக்கும் பசிக்காலமும் சேர்ந்துகொள்ளும். மேற்கையின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளைத் தனியே சேர்த்துப் பாலும் சத்துணவுப் பசையும் கொடுத்துத் தேற்ற வேண்டும்.

பிற்பகல் அறுவை அரங்கில் கழியும். அங்கே பெரும்பாலும் தடைபட்ட பிரசவங்கள்தான். நீங்கள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. மூன்று ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் பெற்ற, மருத்துவப் பட்டம் இல்லாத கிளினிக்கல் ஆபீசர்கள்தான் மலாவியின் மாவட்ட மருத்துவமனைகளில் பெரும்பாலான சிசேரியன்களைச் செய்கிறார்கள். எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு போகிற நீங்கள், முதல் சில மாதங்கள் அவர்களுக்கு எதிரே உதவியாளராக நின்று கற்றுக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தேவைப்படுவதை அதன் பிறகு கற்றுக்கொடுங்கள். நீங்கள் திரும்பிவிடுவீர்கள், அவர்கள்தான் அங்கேயே இருக்கப்போகிறவர்கள். கற்க அங்கே ஒன்றும் இல்லை என்று எண்ணிப் போகிறவர்களைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன். உதாரணத்துக்கு, எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிடி4 என்னும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்காமலேயே வாழ்நாள் முழுவதற்கும் மருந்து தொடங்கும் முறையை, கிராமங்களில் அந்தச் சோதனைக்குக் கருவி இல்லாத காரணத்தால், 2011-இல் உலகிலேயே முதலில் கொண்டுவந்த நாடு மலாவி.

நோயாளிக்குச் சமைப்பதும், துவைப்பதும், இரவில் காவல் இருப்பதும் உறவினர்களே. இரவில் மின்சாரம் போனால் முதலில் ஆக்சிஜன் கருவியைக் கவனியுங்கள்.

பாகூர் செவிலி

நான் வடக்குக் கேமரூனில் அருட்சகோதரிகள் நடத்திய சிகிச்சை நிலையத்தில் பணியாற்றினேன். புதுச்சேரியில் படித்த பிரெஞ்சு அலுவலகத்துக்கு உதவியது. நோயாளிகளோடு பேச ஃபுல்ஃபுல்டே மொழி கற்க வேண்டியிருந்தது. அங்கே வறண்ட மாதங்களில் மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைடிஸ்) பயம் வரும். 2010-இல் வந்த, அந்நோயின் ஏ வகைக்கான தடுப்பூசி அந்தப் பகுதியின் நிலையையே மாற்றியது. அது நம் புனே நகரில் தயாரானது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கடலூரிலிருந்து செல்பவர் என்பதால் பாம்புக்கடி பற்றிச் சொல்லியாக வேண்டும். சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று சாய்த்துப் பார்க்கும் சோதனை அங்கேயும் அப்படியே பயன்படும். ஆனால் நம் நாட்டு நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நம் நாட்டுப் பாம்புகளுக்காகச் செய்யப்படுவது. ஆப்பிரிக்கச் சுருட்டை விரியன் வேறு இனம். கானாவிலும் சாட் நாட்டிலும் அப்பாம்புகளுக்குப் பொருந்தாத இந்திய மருந்தைக் கொடுத்தபோது இறப்புகள் கூடின. ஆகவே மருந்துக் குப்பியின் மீது எந்தெந்தப் பாம்புகளின் பெயர் இருக்கிறது என்பதைப் படித்துவிட்டே ஏற்றுங்கள்; ஊரிலிருந்து அன்பளிப்பாகக் கொண்டுபோகவும் வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூரான்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. புறப்படும் முன் செய்ய வேண்டியவை எவை, ஐயா? மொழி கற்க எவ்வளவு காலம் ஆகும்?

லாஸ்பேட்டை மருத்துவர்

வலி எங்கே, எத்தனை நாளாக என்று கேட்கும் அளவுக்குச் செச்சேவா மொழி சில மாதங்களில் வந்துவிடும். இறந்த பிள்ளையின் தாயிடம் பேசும் அளவுக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும், அதனால் ஈராண்டுக்குக் குறைத்துக்கொள்ளாதீர்கள். இருவரும் மலேரியாத் தடுப்பு மாத்திரையை விடாமல் எடுக்க வேண்டும். மலாவியில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆயினும் அந்நோய் உள்ள எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலோ கென்யாவின் நைரோபியிலோ விமானம் மாறுவீர்கள் என்பதால், குறைந்தது 10 நாட்களுக்கு முன் கிண்டி கிங் நிலையத்தில் தடுப்பூசி போட்டுச் சான்றைக் கையில் வைத்திருங்கள். 2016 முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும். ஒப்புதல் கடிதம் எழுதும் முன், அங்கே எத்தனை கிளினிக்கல் ஆபீசர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு மேலே மூத்த மருத்துவர் ஒருவர் இருக்கிறாரா, ஜெனரேட்டருக்கு டீசல் யார் தருகிறார்கள் என்று அந்த மருத்துவமனைக்கே எழுதிக் கேளுங்கள். மேலே எவரும் இல்லை என்று பதில் வந்தால், முதலில் இங்கே ஓராண்டு மகப்பேறும் மயக்க மருந்தும் பயின்றுவிட்டுச் செல்வதாகச் சபையிடம் தயங்காமல் சொல்லுங்கள்.