வேறு நாட்டிற்குக் குடிபெயரும்போது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணியைத் தொடர வழி உண்டா?

கேள்வி – எழுதியவர்: கோபுரவாசி

வணக்கம். எனக்கு வயது 34. ஒன்பது ஆண்டுகளாக விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலராகப் பணியாற்றி வருகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் ஓடுபாதையைக் கவனிக்கும் டவரில் இருந்தேன், அதன் பிறகு நிலையத்தை நெருங்கும் விமானங்களை வழிநடத்தும் அப்ரோச் பிரிவில் ரேடார் திரைக்கு முன்னால் அமர்ந்திருக்கிறேன். என் மனைவியின் நிறுவனம் அவருக்கு வெளிநாட்டுக் கிளைகள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அளித்துள்ளது. எட்டு மாதங்களுக்குள் நாங்கள் கிளம்ப வேண்டியிருக்கும். எனக்கு எங்கே வேலை கிடைக்கும் என்பதைப் பொறுத்தே நாட்டை முடிவு செய்யலாம் என்று அவர் பெருந்தன்மையுடன் சொல்லிவிட்டதால், பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது.

விமானிகள் தங்கள் லைசென்ஸை வேறொரு நாட்டில் மாற்றிக்கொண்டு பறப்பதைப் பார்க்கிறேன். எங்கள் உரிமத்துக்கும் அப்படி வழி உண்டா? இங்கே பதவி விலகிவிட்டு அங்கே போய்ச் சேர்ந்த பின் நிதானமாக வேலை தேடுவது சரியாக இருக்குமா? கட்டுப்பாட்டு இருக்கையே கிடைக்காவிட்டால், இதே துறையில் வேறு என்ன பணிகள் உள்ளன? அனுபவப்பட்டவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி – எழுதியவர்: பழைய ரேடார்க்காரன்

நான் இரண்டு முறை நாடு மாறி இதே வேலையைச் செய்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விமானிகளோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையில், விமானம் பதிவு செய்யப்பட்ட நாடு அதன் விமானிகளுக்கு வழங்கிய சான்றுகளை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும் என்று 33ஆம் பிரிவு சொல்கிறது. விமானி நாடு நாடாகப் பறந்தாக வேண்டும் என்பதால் பிறந்த ஏற்பாடு அது. நம் வேலை ஒரே இடத்தில் வேர் ஊன்றியது. ஒரு குறிப்பிட்ட வான்பகுதி, அதன் ஓடுபாதைகள், அதன் அண்டை மையங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றதற்குத்தான் நமக்கு அனுமதி. ஒரே நாட்டுக்குள் இடமாற்றம் பெற்றாலும் புதிய யூனிட்டில், அதாவது புதிய டவரிலோ மையத்திலோ, மீண்டும் பயிற்சி பெற்றுத் தேர்ச்சி காட்டாமல் தனியாக மைக்கைத் தொட முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளிநாட்டிலும் அதுவேதான், அதற்கு மேல் அந்த நாட்டின் உரிமமும் குடியேற்றச் சட்டமும் சேர்ந்துகொள்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் நிலைமை சற்று இளகியது. 2015/340 என்ற ஒழுங்குமுறையின்படி ஒரு உறுப்பு நாட்டின் உரிமத்தை மற்றோர் உறுப்பு நாடு ஏற்கும், ஆனால் யூனிட் அனுமதியை அங்கேயும் புதிதாகவே பெற வேண்டும். அதோடு, சில நாடுகள் ஆங்கிலத்துடன் உள்ளூர் மொழித் தேர்ச்சியையும் கேட்கும். வெளியிலிருந்து வருபவர் அந்தச் சலுகையை எதிர்பார்க்கக் கூடாது. அமெரிக்காவை உங்கள் பட்டியலிலிருந்து இப்போதே நீக்கிவிடலாம்: அங்கே மத்திய அரசின் கட்டுப்பாட்டு அலுவலராகச் சேரக் குடியுரிமை வேண்டும், முன் அனுபவமில்லாதவர்களை 31 வயது நிறைவதற்குள் எடுக்கிறார்கள், 56 வயதில் கட்டாய ஓய்வு. கனடாவில் 1996 முதல் இந்தச் சேவையை நடத்திவரும் நாவ் கனடா என்ற தனியார் அமைப்பு, குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர்களைத்தான் பயிற்சிக்கு எடுக்கிறது. வளைகுடா நாடுகளில் கதை வேறு. அங்கே அனுபவமுள்ள வெளிநாட்டினரை நேரடியாகவே நியமிக்கிறார்கள், ரேடார் அனுபவம் உள்ளவர்களுக்கு மதிப்பு அதிகம். ஆஸ்திரேலியாவும் அனுபவசாலிகளை வெளியிலிருந்து எடுத்ததுண்டு. உங்கள் மூன்று கிளைகளில் வளைகுடா ஒன்று இருந்தால், என் கருத்தில் அதற்கு முதலிடம்.

ராஜினாமாக் கடிதத்தை மட்டும் அவசரப்பட்டு நீட்டிவிடாதீர்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வகுத்த விதிகளின் முதலாம் இணைப்பின்படி, ஒரு ரேட்டிங்கை (டவர், அப்ரோச் போன்ற பணிவகைக்கான தகுதியை) தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் அதிகபட்சம் ஆறு மாதங்களில் அது செல்லாமல் போகும். பல நாடுகள் அதைவிடக் குறைந்த கெடு வைத்துள்ளன. நான் முதல் முறை மாறியபோது பணியை விட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். உரிமத்தை உறுதிப்படுத்தும் கடிதம் அலுவலகத்துக்கு அலுவலகம் நேரடியாகப் போக வேண்டியிருந்தது, அது ஒரு மேசையில் பதினொரு வாரம் தூங்கியது. நேர்காணலுக்குள் நான் 'அண்மைப் பணியில் இல்லாதவர்' ஆகிவிட்டேன். அந்த ஒரு சொற்றொடர் எனக்கு ஓராண்டை விழுங்கியது.

ஒப்பந்தம் கையெழுத்தானால் எல்லாம் முடிந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். புதிய யூனிட்டில் தேர்ச்சி பெற்றால்தான் வேலை நிரந்தரமாகும், விசாவும் அந்த வேலையோடு கட்டப்பட்டிருக்கும். அனுபவமே அங்கே பகையாவதும் உண்டு. உள்ளூர்க் காற்றழுத்தப்படி உயரத்தை அடியில் சொல்வது முடிந்து, அதற்கு மேல் நிலையான அழுத்தப்படி நூறடிக் கணக்கில் 'ஃபிளைட் லெவல்' என்று சொல்லத் தொடங்கும் எல்லைதான் டிரான்சிஷன் ஆல்டிடியூட். என் பழைய இடத்தில் அது 4,000 அடி. புதிய இடத்தில் 13,000. பயிற்சியின் மூன்றாம் வாரத்தில் ஒரு விமானத்துக்கு 9,000 அடி என்று சொல்ல வேண்டிய நான், பழக்க தோஷத்தில் 'ஃபிளைட் லெவல் நைன் ஸீரோ' என்று சொல்லிவிட்டேன். அன்று க்யூஎன்ஹெச், அதாவது கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட உள்ளூர்க் காற்றழுத்தம், 1003 ஹெக்டோபாஸ்கல். நிலையான 1013இல் அந்த விமானி உயரமானியை வைத்தால், ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 30 அடி வீதம், அவர் உண்மையில் 8,700 அடியை ஒட்டிப் பறப்பார். கீழே 8,000 அடியில் இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது. ஆயிரம் அடி இடைவெளி எழுநூறாகச் சுருங்கியிருக்கும். விமானி திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் பயிற்றுநர் குறுக்கிட்டுத் திருத்திவிட்டார். ஒன்றும் திட்டவில்லை, ஆனால் அன்று மாலை வரை என் நாக்கையே நான் நம்பவில்லை. புதியவருக்கு இந்தப் பழக்கம் இருக்காது என்பதால், சில இடங்களில் அனுபவசாலியைவிடப் புதியவர் விரைவாகத் தேறுவதையும் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி – எழுதியவர்: கோப்புக்காரர்

முந்தைய நண்பர் சொன்னதோடு உடன்படுகிறேன். உரிமப் பிரிவில் சில காலம் விண்ணப்பங்களைப் படித்தவன் என்ற முறையில், மக்கள் வழக்கமாகச் சறுக்கும் இரண்டு மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

மருத்துவச் சான்று மூன்றாம் வகுப்பு என்று பல நாடுகளில் ஒரே பெயரில் இருந்தாலும், உங்கள் சான்றைப் புதிய நாடு அப்படியே ஏற்றுக்கொள்வது அபூர்வம். ஐகாவோ 48 மாதங்கள் வரையும் 40 வயதைக் கடந்தவர்களுக்கு 24 மாதங்களும் அனுமதிக்கிறது. ஐரோப்பாவில் அது 24 மற்றும் 12 மாதங்கள். நிறப்பார்வை, கேள்திறன் ஆகியவற்றில் சிறு குறை உள்ளவர்கள், வேலைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே அந்த நாடு அங்கீகரித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆங்கிலத் தேர்ச்சியில் நான்காம் நிலை போதும் என்பது குறைந்தபட்ச விதி. ஆனால் நான்காம் நிலையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுதேர்வு செய்ய வேண்டும் என்பதால், புறப்படும் தறுவாயில் அது காலாவதியாகும் நிலையில் இருந்தால் இப்போதே புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நிலை கிடைத்தால் ஆறு ஆண்டுகளுக்குக் கவலையில்லை.

பணிப் பதிவேட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எந்த இருக்கையில், எத்தனை மணி நேரம், ரேடாருடனா ரேடார் இல்லாமலா என்பதெல்லாம் பிரித்துக் காட்டப்பட்டு, மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். 'ஒன்பது ஆண்டு அனுபவம்' என்ற ஒற்றை வரிச் சான்றிதழை வைத்துக்கொண்டு எவரும் உங்களை எடைபோட முடியாது. ரேட்டிங் பெயர்களும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், பயிற்சிப் பாடத்திட்டத்தின் பிரதியையும் சேர்த்து வையுங்கள்.

மறுமொழி – எழுதியவர்: சிமுலேட்டர் அறை

உங்கள் மூன்றாம் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கட்டுப்பாட்டு இருக்கை கிடைக்காமல் நான் சிமுலேட்டர் பயிற்றுநரானவன். முதலில் மனத்தாங்கலாகத்தான் இருந்தது, இப்போது இல்லை. பயிற்சி மையங்களில் பயிற்றுநர்களும், மாணவர்களுக்காக விமானிபோல் பேசி இயக்குபவர்களும் எப்போதும் தேவைப்படுகிறார்கள். விமானிகளுக்கான அறிவிப்புகளை (நோட்டாம்) வெளியிடும் வான்வழித் தகவல் பிரிவு, அணுகுபாதைகளை வடிவமைக்கும் பிரிவு, பாதுகாப்பு ஆய்வுப் பிரிவு ஆகியவை கட்டுப்பாட்டு அனுபவம் உள்ளவர்களை விரும்பி எடுக்கும். சில விமான நிலையங்களில் நிறுத்துமிடப் பகுதியின் போக்குவரத்தை நிலைய நிறுவனமே நடத்துகிறது, பிராங்பர்ட்டில் அப்படித்தான். அங்கே வேலை ஏறக்குறைய உங்கள் டவர் நாட்களை ஒத்தது. ரேடார், தொலைத்தொடர்புக் கருவிகளைப் பராமரிக்கும் மின்னணுப் பணி மட்டும் தனிப் பொறியியல் தகுதி கேட்பது என்பதால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

இந்தப் பணிகளுக்கு ஒரு விலை உண்டு: அவற்றில் செலவிடும் காலம் உங்கள் ரேட்டிங்கைக் காப்பாற்றாது. மீண்டும் திரைக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் அதை மறக்காமல் முடிவெடுங்கள்.

மறுமொழி – எழுதியவர்: கோபுரவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. மனைவியின் மூன்று கிளைகளில் ஒன்று வளைகுடாவில்தான் இருக்கிறது. நேற்று இரவே அதைப் பற்றிப் பேசிவிட்டோம். கையில் நியமனக் கடிதம் வரும் வரை நான் இங்கேயே பணியில் இருப்பது, தேவைப்பட்டால் அவர் முன்னால் போவது என்று முடிவு. பதிவேட்டை எடுத்துப் புரட்டியபோது டவரில் இருந்த காலத்தின் 14 மாதப் பக்கங்களில் மேற்பார்வையாளரின் கையொப்பமே இல்லை என்பதைக் கண்டேன். அவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். நாளை காலைப் பணிமாற்றத்தின்போது பதிவேட்டோடு அவர் அறை வாசலில் நிற்கப் போகிறேன்.