பிட்ஸ்பர்க்கின் முதல் தோற்றம்: எந்தச் சுரங்கப்பாதை?

ஏரிக்கரையான்:
அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைப் பார்த்த மாத்திரத்தில் மனம் பறிபோகும் என்று 'மூன்றாறு' எழுதியதை ஏற்க முடியாது. கிழக்கிலிருந்து டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலை வழியாக வந்த எனக்கு மன்ரோவில் என்ற புறநகரின் கடைத்தொகுதிகளும், ஸ்குவிரல் ஹில் சுரங்கப்பாதையின் முன் ஊர்ந்த வண்டிகளின் சிவப்பு விளக்குகளுமே கண்ணில் பட்டன.

மூன்றாறு:
கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டு வீட்டைக் குறை சொல்லாதீர்கள். விமான நிலையம் நகருக்கு மேற்கே இருக்கிறது. அங்கிருந்து வருபவர் ஃபோர்ட் பிட் சுரங்கத்தைக் கடந்த அந்த நொடியிலேயே பாலத்தின் மேல்தட்டுக்கு வந்துவிடுவார். கீழே மொனாங்ககீலா ஆறு, இடப்பக்கம் அது அலெகெனி ஆற்றோடு கூடி ஒஹையோ ஆறாக மாறும் முனை, எதிரே வானளாவிய கட்டடங்கள் என எல்லாம் ஒருசேரக் கண்முன் விரியும். 1960இல் திறந்த அந்தச் சுரங்கமே நகரின் தலைவாசல்.

கொலம்பஸ்வாசி:
ஓட்டுபவருக்கு அதைப் பார்க்க நேரம் ஏது? பாலம் முடிவதற்குள் தடம் மாறாவிட்டால் வேறு திசைக்குப் போய்விடுவோம். நான் முதன்முறை வந்தபோது கண்ணாடியையும் வழிகாட்டிப் பலகையையும் தவிர எதையும் பார்க்கவில்லை.

மூன்றாறு:
அது உங்கள் ஓட்டும் திறனின் குறை. காட்சியின் குறை அன்று.

பயணி:
நம்மவர் பலர் அந்த ஊருக்கு முதலில் போனது பென் ஹில்ஸ் வேங்கடேசுவரர் கோயிலுக்காகத்தான். டர்ன்பைக்கிலிருந்து இறங்கிக் கோயிலுக்குப் போய்த் திரும்புபவர் எந்தச் சுரங்கத்தையும் காண்பதில்லை. அவர்கள் மனத்தில் பதிந்த பிட்ஸ்பர்க், மரங்கள் அடர்ந்த மேட்டில் நிற்கும் வெண்கோபுரம்.

மூன்றாறு:
பென் ஹில்ஸ் கிழக்கே உள்ள புறநகர். நான் நகரைப் பற்றிப் பேசுகிறேன், ஃபோர்ட் பிட் சுரங்கத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

ஏரிக்கரையான்:
கிழக்கே குடியிருப்பவர்கள் நகரவாசிகள் இல்லையா? எங்கள் கிளீவ்லாந்தில் எந்த வாசலும் தேவையில்லை. கடல்போன்ற ஈரி ஏரியே வரவேற்கும்.

மூன்றாறு:
1969இல் குயஹோகா ஆறு தீப்பற்றிய ஊர்க்காரர் நீரைப் பற்றிப் பெருமை பேசுகிறீர்கள். சென்ற மாதமும் எங்கள் பாலங்களைப் பழித்தீர்கள், நான் மறக்கவில்லை.

ஏரிக்கரையான்:
1940களில் புகை மண்டி, பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்த ஊர் உங்களுடையது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான நெருப்பை நீங்கள் கிளறினால் நான் புகையைச் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாறு:
அந்தப் புகை போய்விட்டது. ஒருமுறை, மாலை மங்கும் வேளையில், மேற்கிலிருந்து வாருங்கள். அதுவரை நீங்கள் பிட்ஸ்பர்க்கைப் பார்த்ததாகவே நான் கொள்ள மாட்டேன்.

ஏரிக்கரையான்:
பார்த்துவிட்டேன். ஸ்குவிரல் ஹில் சுரங்கத்தின் முன்னே, நாற்பது நிமிடம்.